பச்சை ஜீப்பின் முன் சீட்டு

“முன்னால உக்காருங்க மாமா” என்று மாப்பிள்ளை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன், எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கால் படியில் பட்டதா, கை எதைப் பிடித்தது, ஒன்றும் நினைவில்லை, இப்போது உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். மாப்பிள்ளை குனிந்து பெல்ட்டை இழுத்து என் மார்புக்குக் குறுக்கே போட்டு இடுப்பருகே எதிலோ செருகுகிறார். டக்கென்று ஒரு சத்தம். “இறுக்கமா இருக்குங்களா?” என்கிறார். “இல்லைங்க மாப்ள” என்கிறேன். நல்ல மனிதர் நவநீதன். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்கு உதிரி சாமான் கடை வைத்திருக்கிறார், குடிப்பதில்லை, என் மகள் கோகிலாவை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. பின்னால் கோகிலா குழந்தையோடு ஏறுகிறாள். குழந்தை மித்ராவுக்கு இன்று முடி எடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் மலைமேல் இருக்கிற கருப்பணசாமி. கோகிலாவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடிக்குப் பதில் அப்புச்சி மடி, அதாவது என் மடி. அதனால் நான் வராமல் இருக்க முடியாது. என் வீட்டுக்காரி முருகாயியால் வராமல் இருக்க முடிந்தது. “எனக்கு முழங்கால் வலிக்குது, மலையேத்தம் ஆகாது, நீங்க போயிட்டு வாங்க” என்றாள். நேற்றுவரைக்கும் அவள் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. வாசலில் வண்டி வந்து நின்றபோது எட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த குண்டாவை எடுத்து மறுபடி கழுவினாள். நான் செருப்பைத் தேடுகிறவனைப்போல நின்றேன். செருப்பு காலில்தான் இருந்தது. அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, முப்பது வருசம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

வண்டி கிளம்புகிறது. “சத்தத்தக் கேளுங்க மாமா” என்கிறார் மாப்பிள்ளை, கேட்கிறேன். “பழைய ஜீப்பு எப்படிச் சத்தம் போடுமோ அதே மாதிரி வரோணும்னு கம்பெனில தனியா ஆளுப் போட்டு வேலை பாத்திருக்காங்க. கதவு சாத்துற சத்தம்கூட அப்படியே வெச்சிருக்காங்க.” வைத்திருக்கிறார்கள். கதவு சாத்தியபோது என் காதுக்குப் பின்னால் தோல் இழுத்துக்கொண்டது, நானாக இழுக்கவில்லை, தோலுக்கே தெரிந்திருந்தது. இப்போது ஒன்றும் இல்லை, சத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, நானும் சத்தத்துக்குள் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். இந்த ஜீப்பை வெகு காலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்களாம், நிறுத்தியதில் ஊர் ஊராக ஆட்களுக்கு வருத்தமாம், அந்த முரட்டு வண்டி மாதிரி வராது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்களாம், கம்பெனிக்காரர்கள் மனசிரங்கி மறுபடி கொஞ்சம் வண்டி மட்டும் போட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கிடையாது, குலுக்கல். குலுக்கலில் மாப்பிள்ளை பெயர் வந்ததும் கோகிலா போனில் சொன்னாள், “உங்க மாப்பிள்ளைக்குக் கையும் ஓடல காலும் ஓடலப்பா.” நான் என்ன வண்டி என்று கேட்கவில்லை. ஏதோ வண்டி என்று நினைத்தேன். இதோ எனக்கு எதிரே சின்னதாக ஒரு பித்தளைத் தகடு, அதில் இது எத்தனையாவது வண்டி என்று ஒரு எண். “இந்த லோடு முடிஞ்சா அவ்வளவுதான் மாமா, மறுபடி போடவே மாட்டாங்க.” மறுபடி போட மாட்டார்கள். அப்படித்தான் முன்பும் நான் நினைத்தேன், நிறுத்தினார்கள் என்று எங்கோ பேசிக்கொண்டபோது, நல்லது, முடிந்தது என்றுகூட நினைக்கவில்லை, நான் வேலை பார்த்த தறிப்பட்டறை வாசலில் டீ கிளாசைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனேன். மறுபடி போட மாட்டார்கள். காட்டுப் பச்சை. முன்னால் இரண்டு உருண்டை விளக்கு. பின்னால் ஸ்டெப்னி. எல்லாம் அதே மாதிரி, ஆனால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது, நடுவில் டீவி மாதிரி ஒன்று, அதில் ரோடு தெரிகிறது, ரோட்டில் நீலமாக ஒரு அம்புக்குறி நகர்கிறது, அதுதான் நாம் என்கிறார் மாப்பிள்ளை. அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது நகர்கிறதா ரோடு நகர்கிறதா என்று தெரியவில்லை.

பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, பழைய மாதிரியே. நடுவில் தரை. தரையில் தேங்காய் பழக் கூடை, குழந்தையின் பை, கால் கட்டிய சேவல் ஒன்று, சாக்கின்மேல். சேவல் அவ்வப்போது சிறகை அடித்துப் புரள்கிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை, மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்து “கெடக்கட்டும், ஒண்ணும் பண்ணாது” என்கிறார். இந்த வண்டியை நான் முன்பக்கமிருந்து அறிந்தவனே இல்லை. எனக்குத் தெரிந்தது தரை. அந்தத் தரையில் இரும்புத் தகடு வரிவரியாக மேடு போட்டிருக்கும், கன்னத்தை வைத்தால் வரி கன்னத்தில் பதியும், மூலையில் தண்ணீர் போக விரலளவு ஓட்டை, ஒரு கண்ணை அதில் வைத்தால் கீழே ரோடு ஓடும். முதலில் வெள்ளைப் புழுதி ஓடியது. வெகு நேரம் புழுதியே ஓடியது. பிறகு கருப்பாக ஓடியது, தார் ரோட்டுக்கு வந்துவிட்டோம், மலையிறங்கிவிட்டோம் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். டீசல் நாற்றம், நனைந்த தார்ப்பாய் நாற்றம், பூட்ஸ் தோல் நாற்றம். பிடரியில் ஒரு பூட்ஸ் இருந்தது. மிதிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும், மிதித்தார் என்று சொன்னால் பொய். மூட்டைமேல் கால் வைத்து உட்காருவோமே அப்படி வைத்திருந்தார் அந்தப் போலீஸ்காரர். வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் தன் மகளுக்குக் காது குத்துவது பற்றிப் பேசினார், லீவு கிடைக்கவில்லை, மாமனார் கோபித்துக்கொண்டிருக்கிறார், கம்மல் எடுக்க வேண்டும். குழி வந்தால் கால் அழுந்தும், குழி தாண்டினால் லேசாகும். அந்தக் குழந்தைக்குக் காது குத்தினார்களா என்று எப்போதாவது நினைத்துக்கொள்வேன். கோபம் இல்லை. கோபம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே விரலை விட்டுப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது, பல் விழுந்த இடம் மாதிரி.

பெட்ரோல் பங்கில் நிற்கிறோம். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். “அண்ணா, இது அந்தப் புது எடிசனா? கெடைச்சிருச்சா உங்களுக்கு?” மாப்பிள்ளை இறங்கி நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார், முகம் பூத்துப்போய் நிற்கிறது, அவரை அப்படிச் சந்தோசமாக நான் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறான். நான் இறங்கிக்கொள்ளட்டுமா என்று கையைக் காட்டினேன். “வேண்டாம் தாத்தா, நீங்க அப்படியே இருங்க, செமயா இருக்கு” என்கிறான். அப்படியே இருந்தேன். என்னைக் கொண்டு போன அன்று காலையிலும் அப்படியேதான் இருந்தேன், ராகிக் கொல்லை ஓரத்தில் குந்தி, வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது, கதிர் இன்னும் வாங்கவில்லை, சத்தம் கேட்டது, எங்கள் பக்கம் அப்போது வண்டிச் சத்தம் என்றாலே இந்த ஒரு சத்தம்தான், காட்டுக்குள் யாரையோ போலீஸ் தேடிக்கொண்டிருந்த காலம், சத்தம் கேட்டால் ஆண்கள் எழுந்து ஓடுவார்கள், அன்றைக்கு நான் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன், யோசித்தால் அந்த வெயில்தான் ஞாபகம் வருகிறது, முதுகுக்கு இதமாக இருந்தது, எழுந்திருக்க மனமில்லை, அவ்வளவுதானா, ஒரு ஆள் வெயிலுக்காகவா உட்கார்ந்திருப்பான். “யாருக்குடா சோறு போட்டே?” என்று கேட்டார்கள். யாருக்கும் போடவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டார்களோ, கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, யாருக்காவது போட்டிருப்பேனோ, முருகாயி கல்யாணமாகி வந்த புதிது, அவள் போட்டிருப்பாளோ. கொண்டு போய் வைத்திருந்த இடத்தை நான் நினைப்பதில்லை. நினைத்தால் ஒரு டியூப்லைட் மட்டும் வரும், ஒரு முனை கருத்துப்போன டியூப்லைட், அது விட்டுவிட்டு எரியும், எப்போது நின்று எரியும் என்று பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதற்குமேல் மனசு போகாது. போக வேண்டாம். பெட்ரோல் போட்டாகிவிட்டது, மாப்பிள்ளை ஏறுகிறார், “பசங்க கண்ணு வெச்சுட்டானுங்க மாமா” என்று சிரிக்கிறார், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அடிவாரம் வந்துவிட்டது. என்னை விட்ட பிறகு நானும் முருகாயியும் இந்த அடிவாரத்தில்தான் இறங்கி நின்றோம், ஒரு துணி மூட்டை, ஒரு ஈயக் குண்டா, குமாரபாளையம் பஸ்ஸைக் கேட்டு ஏறினோம். அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. தறிப்பட்டறையில் வேலை கேட்டபோது முதலாளி, “சத்தம் தாங்குவியா? மலைக்காரனுக்கு ஆகாதே” என்றார். தாங்குவது என்ன, அந்தச் சத்தத்துக்காகத்தான் சேர்ந்தேன். தறி ஓடும்போது வேறெந்தச் சத்தமும் உள்ளே வராது, வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும், ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம், அன்றைக்கு முருகாயி ரேடியோவைப் பெரிதாக வைப்பாள், கோகிலா பிறந்த பிறகு குழந்தை அழுவாள், அது போதும். எங்கள் வீட்டில் நாங்கள் எதையும் பேசாமல் இருக்கவில்லை, எல்லாம் பேசினோம், ரேசன் சர்க்கரை, கோகிலாவின் மார்க்கு, மழை, முருகாயியின் தங்கச்சி கல்யாணம், இதை ஒன்றைத் தவிர. இது இருந்த இடத்தில் இருந்தது. அலமாரியில் ஒரு தட்டை மட்டும் திறக்காமல் வைத்திருப்பது மாதிரி, அதற்குள் என்ன இருக்கிறது என்று மறந்துவிடவில்லை, திறப்பதில்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்று வருகிறது, மாப்பிள்ளை கியரை மாற்றுகிறார், வண்டி உறுமுகிறது, பின்னாலிருந்து ஒரு சின்னக் கை என் பிடரியில் விழுகிறது. மித்ரா. கோகிலாவின் மடியில் நின்றுகொண்டு சீட்டுக்குமேல் எட்டி என் பிடரியைத் தட்டுகிறாள், “தா, தா” என்கிறாள். “அப்புச்சிய அடிக்காத சாமி” என்கிறாள் கோகிலா. அடிக்கட்டும். ஈரமான கை, பிஸ்கட் ஒட்டியிருக்கும். நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். பிடரியில் அந்தக் கை இருக்கும்வரை அசையக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அசையவில்லை, மூச்சைக்கூடப் பாதி பாதியாக விடுகிறேன், குழந்தைதானே, குழந்தையென்று தெரிகிறது, தெரிந்தும் தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி நிற்கிறது. வளைவு, மறுபடி வளைவு. மூங்கில் தெரிகிறது. மூங்கில் பூத்துக் காய்ந்து கிடக்கிறது. இந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் கொல்லை இருந்தது. அந்தப் பக்கம் போகப்போவதில்லை, கோயில் இந்தப் பக்கம், முடி எடுத்ததும் திரும்பிவிடுவோம்.

செக்போஸ்ட்டு தெரிகிறது. ரோட்டின் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பம், ஓரத்தில் தகர ஷெட்டு, ஷெட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இளம் வயது. கோகிலாவைவிடச் சின்னவராக இருப்பார். வண்டி வளைவில் திரும்பி அவர் கண்ணில் பட்டதும் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுகிறார், தொப்பியை எடுத்து வைக்கிறார், கம்பத்தைத் தூக்குகிறார், தூக்கிக்கொண்டே இன்னொரு கையால் சல்யூட் வைக்கிறார். எனக்கு. இடது பக்க முன் சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குப் பழக்கம், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியின் நிறத்தையும் உருண்டை விளக்கையும் பார்த்தார், கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறார். “மாமா, உங்களை டிஎஸ்பின்னு நெனைச்சுட்டான் மாமா!” கோகிலாவும் சிரிக்கிறாள். என் வலது கை மேலே எழுந்து பாதியில் நிற்கிறது, பதிலுக்குச் சல்யூட் வைக்கவா, கும்பிடவா, முகத்தை மறைக்கவா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. கம்பத்தைத் தாண்டிவிட்டோம். கை இன்னும் கீழே இறங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருக்கிறது. எனக்கு அழுகையோ பயமோ வரவில்லை, ஒன்றும் வரவில்லை, ஒரே ஒரு நினைப்புத்தான், இந்தச் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாது, உட்கார்ந்தால் பின்னால் தரையில் யாரோ இருப்பார்கள். இறங்க வேண்டும். பெல்ட்டை இழுக்கிறேன், வரவில்லை, இடுப்பருகே எதை அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை, தடவுகிறேன், இழுக்க இழுக்க அது இறுகுகிறது. “மாப்ள, நிறுத்துங்க” என்கிறேன். சத்தம் வந்ததா தெரியவில்லை. மறுபடி சொல்கிறேன். அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது, ஓரங்கட்டி, குனிந்து சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார், பெல்ட்டு தானாக ஓடிச் சுருண்டுகொள்கிறது.

ரோட்டோரத்தில் ஒரு பாலத்துத் திண்டு. அதில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலோடு வந்து நிற்கிறார். “வாந்தி வருதுங்களா மாமா? மலை ஏறுனா சிலருக்கு ஆகாது. நான் வேகமா ஓட்டிட்டேனுங்களா?” “இல்லைங்க மாப்ள, நல்லாத்தான் ஓட்டுனீங்க” என்றேன். அது உண்மை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு கோகிலா கண்ணைக் காட்டியதும் வண்டிப் பக்கம் போய் சேவலின் கால் கட்டைத் தளர்த்திக் கட்டத் தொடங்கினார். கோகிலா குழந்தையை இடுப்பில் வைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தோளில் இருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு என் வாய் பேசியது, நான் பேச நினைத்திருக்கவில்லை.

“அம்மிணி, என்னை இந்த வண்டிலதான் கொண்டு போனாங்க.”

“எந்த வண்டிலப்பா? எங்க?”

“இதே மாதிரி வண்டி. நீ பொறக்கறதுக்கு முன்னால. நாங்க மேல குடியிருந்தப்ப, தேடி வந்தவங்க கொண்டு போனாங்க.”

மலைக்குக் கீழே வளர்ந்த பிள்ளை, அப்படியொரு காலம் இருந்தது என்று அவளுக்குத் தெரியும், மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருப்பாள், அது தன் வீட்டில் இருந்தது என்று தெரியாது.

“எதுக்குப்பா?”

“யாருக்கோ சோறு போட்டேன்னு.”

“போட்டீங்களா?”

“இல்ல.”

“அடிச்சாங்களா?”

“ம்.”

“எத்தனை நாளு வெச்சிருந்தாங்க?”

“நாளு கணக்குத் தெரியாது. போனப்ப ராகி கதிர் வாங்கல. வந்தப்ப அறுத்து முடிஞ்சிருந்துச்சு.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“உங்கம்மா கொல்லையிலதான் நின்னுட்டிருந்தா.”

இவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டேன். முப்பது வருசம் பூட்டி வைத்திருந்தது இந்தத் திண்டில் உட்கார்ந்து பேசி முடிக்கிற அளவுதான் இருந்திருக்கிறது, குழந்தை ஒரு சரளைக் கல்லை எடுத்து வாயில் வைக்கப் போகிறாள், கோகிலா அதைப் பிடுங்கித் தூர எறிகிறாள், மாப்பிள்ளை தூரத்தில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பதும் பார்க்காததுமாக டயரைக் காலால் தட்டுகிறார். உலகம் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது. கோகிலா அழவில்லை. அழுதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, சாதாரணமாக, பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பாடு என்று கேட்கிற மாதிரி, “உங்களைத் தனியாவாப்பா கொண்டு போனாங்க?” என்றாள்.

“இல்ல. ரெண்டு பேரு” என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. காலையிலிருந்து என் நினைப்பில் அந்தத் தரையில் நான் தனியாகக் கிடந்தேன். காலையிலிருந்தா, முப்பது வருசமாக. நினைப்பு அந்தத் தரைக்குப் போகும்போதெல்லாம் ஓட்டையைப் பார்க்கும், ரோட்டைப் பார்க்கும், பூட்ஸைப் பார்க்கும், இந்தப் பக்கம் திரும்பாது, திரும்பினால் ஒரு சாண் தூரத்தில் ஒரு முகம், அதுவும் கன்னத்தைத் தகட்டில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு. அந்த முகத்தை எடுத்து எங்கே வைத்தேன். கோகிலா மேற்கொண்டு கேட்பதற்குள் கீழே வளைவில் ஆரன் சத்தம், மலைக்குப் போகிற மினி பஸ் ஏறி வருகிறது. அவள் எழுந்து நின்றாள். கையை நீட்டினாள். பஸ் நின்றது. “நானும் அப்பாவும் இதுல வரோம், நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்க” என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். “ஏன், என்னாச்சு?” என்றார். “ஒண்ணும் ஆவலைங்க. பொறகு சொல்றேன்” என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு ஓடிப்போய்க் குழந்தையின் பையை எடுத்து வந்து பஸ்ஸின் சன்னல் வழியாகக் கொடுத்தார். “பால் பாட்டில் உள்ள இருக்குது” என்றார். அப்போது அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, வண்டி நன்றாக இருக்கிறது என்றாவது, ஆனால் பஸ் நகர்ந்துவிட்டது.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. கோயிலுக்குப் போகிற குடும்பம் ஒன்று, பொரி மூட்டையோடு ஒரு பெண். கடைசிச் சீட்டுக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தோம். பின் கண்ணாடியில் பச்சை வண்டி வருவது தெரிகிறது. பஸ் நின்றால் நிற்கிறது, நகர்ந்தால் நகர்கிறது, பஸ்ஸின் புகையையும் புழுதியையும் வாங்கிக்கொண்டு பொறுமையாக வருகிறது. முந்துவதற்கு இடம் இருக்கிற இடத்திலும் முந்தவில்லை. மித்ரா கண்ணாடியில் மூக்கை அழுத்தி “ப்பா, ப்பா” என்கிறாள். நான் திரும்பி முன்னால் பார்த்து உட்கார்ந்தேன். பிறகு மறுபடி திரும்பினேன். ஓட்டுவது நவநீதன். நவநீதன்தான். நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கோகிலா கவனித்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றபோது சன்னலில் தலையை நீட்டி, முன்னால் போங்கள் என்று கையைக் காட்டினாள். காட்டிவிட்டு உள்ளே வந்து, குழந்தையை என் மடியில் வைத்தாள்.

“கூட இருந்தவரு பேரு என்னப்பா?”

வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. கோகிலா அவசரப்படுத்தவில்லை. பஸ் ஒரு வளைவைக் கடந்தது.

“ஜவரையன்” என்றேன்.

“சொந்தக்காரரா?”

“பக்கத்துக் கொல்லைக்காரன். என்னைவிட உசரம். அந்த வண்டிக்குள்ள காலை நீட்ட எடம் பத்தாம மடக்கிட்டுக் கெடந்தான்.”

“அப்புறம்?”

“என்னை விட்டாங்க. அவனை விடல.”

அவள் என் கையை எடுத்துக் குழந்தையின் முதுகின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். “வீட்டுல யாராச்சும் இருந்தாங்களா அவருக்கு?”

“பொண்டாட்டி இருந்தா. சிக்கம்மா. கீழ வந்துரு எங்களோடன்னு உங்கம்மா எவ்வளவோ கூப்பிட்டா, வரலை. அவன் வந்தா வீடு பூட்டியிருக்கும்னு சொன்னா.”

“இப்ப இருக்காங்களா?”

“தெரியலை சாமி. அந்தப் பக்கம் போனாத்தான் தெரியும்.”

“போலாமே” என்றாள் கோகிலா. “முடி எடுத்துட்டு, சாப்பிட்டுட்டு, இதே மாதிரி பஸ்ல போலாம். அவரு எப்படி இருப்பாருப்பா, சொல்லுங்க.”

எப்படி இருப்பான். சீட்டி அடித்தால் எதிர்மலையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும் என்றேன். எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டான், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால் எந்தக் கிழக்கு என்று கேட்பான் என்றேன். தேன் எடுக்கப் போய்க் கொட்டு வாங்கி முகம் வீங்கி வந்து, முகம் வீங்கியதே தெரியாமல் சந்தைக்குப் பெண் பார்க்கப் போனான், அந்த முகத்தைப் பார்த்துத்தான் சிக்கம்மா சரி என்றாள் என்றேன். கோகிலா சிரித்துவிட்டாள். என்னோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தான், ஒரு வரப்புக்காக, பேசாமல் இருந்தபோதும் என் மாட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் காட்டினான் என்றேன். குழந்தை என் மடியில் தூங்கிப்போய்விட்டாள், பொரி மூட்டைக்காரப் பெண் இந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், கண்டக்டர் வந்து நின்றபோதுகூட நான் பேச்சை நிறுத்தவில்லை, கோகிலாதான் டிக்கெட் வாங்கினாள். கோயில் மணிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோதுதான் நினைவு வந்து பின் கண்ணாடியைப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. மாப்பிள்ளை எந்த இடத்தில் எங்களை முந்திப் போனார், என் காதருகே அந்தச் சத்தம் எப்போது வந்து எப்போது போயிற்று, நான் கேட்கவே இல்லை.